இரண்டு நாற்காலி, ஒரு கீபோர்டு

பிப்ரவரி 6

என் வாயாடிச் செல்லத்துக்கு,

முதலில் நல்ல செய்தி, பிறகு திட்டு.

ஜூன் மாத மாநாட்டில் எனக்கு விருது தருகிறார்களாம்! மென்பொருள் எழுதக் கற்றுக்கொடுப்பதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள் எல்லாரும் கூடுகிற அதே மாநாடுதான், நீ கட்டுரை அனுப்பியிருப்பதாகச் சொன்னாயே, அது. எதற்கு விருது? என் ஜோடி முறைக்கு. இரண்டு பிள்ளைகள், ஒரு கம்ப்யூட்டர். ஒருவர் டைப் செய்ய வேண்டும், பக்கத்தில் இருப்பவர் பிழை பார்த்து வழி சொல்ல வேண்டும், கால் மணிக்கு ஒருதரம் நான் மணி அடித்ததும் இருவரும் நாற்காலி மாற வேண்டும். இருபது வருஷத்துக்கு முன்னால் இதை ஆரம்பித்தபோது, "என்ன மேடம், பாடம் நடத்துறீங்களா, நாற்காலி விளையாட்டு நடத்துறீங்களா?" என்று எங்கள் துறைத் தலைவரே கிண்டல் செய்தார். இன்றைக்கு எத்தனையோ கல்லூரிகளில் அந்த மணி அடிக்கிறது. பாதியில் படிப்பை விட்டுப் போகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள், பிள்ளைகள் எழுதும் புரோகிராமில் பிழை குறைந்திருக்கிறது. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள். என் தம்பட்டத்தை நான் அடிக்காமல் அடுத்த வீட்டுக்காரரா வந்து அடிப்பார்?

உன் அப்பா பிரேம் கடையில் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு, சான்றிதழ் என்ன அளவு என்று நச்சரிக்கிறார். "காகிதமே இன்னும் கைக்கு வரலங்க" என்றால், "கூடத்துல பொண்ணு மார்க் ஷீட்டுக்குப் பக்கத்துலதானே மாட்டணும், இடத்தையாவது அளந்து வைக்கிறேன்" என்கிறார். ஆமாம், உன் தொண்ணூறு இன்னும் அதே சுவரில்தான் இருக்கிறது. என் வகுப்பில், என் முறையில் படித்து, என் மகள் வாங்கிய தொண்ணூறு. வீட்டுக்கு யார் வந்தாலும் உட்காரச் சொல்வதற்கு முன்னால் அதைத்தான் காட்டுகிறேன்.

இனி திட்டு. உன் கட்டுரை எதைப் பற்றி என்று மூன்று தரம் கேட்டுவிட்டேன். "ஜோடி சம்பந்தமாதான்மா" என்று மழுப்புகிறாய். போனில் நீ பாதியை விழுங்குவாய், மீதியைக் கேட்பதற்குள் நான் கத்துவேன். அதனால் எழுது. தாயைப் போல பிள்ளை என்று நாலு பேரிடம் சொல்ல எனக்கும் விவரம் வேண்டாமா?

கர்வத்தோடு,
அம்மா


பிப்ரவரி 20

அன்புள்ள விருதுக்கார அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆராய்ச்சிக்கூடத்தில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டேன். "எங்க அம்மாவாக்கும்!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைப் பேராசிரியர் எட்டிப் பார்த்தார். உன் பெயர் தெரியாதவர்கள் இந்தத் துறையில் கிடையாது. ஆனால் நீ என் அம்மா என்பதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அம்மா, இனிமேல் உட்கார்ந்து படி.

மழுப்பினேன், உண்மைதான். உன் முறையைத்தான் மூன்று கல்லூரிகளில் அப்படியே திரும்பச் செய்து பார்த்தேன். அதே பயிற்சி, அதே மணி. ஜோடியின் மதிப்பெண் நீ எழுதியது போலவே ஏறியது. அதுவரை நானும் துள்ளிக் குதித்தேன். பிறகு ஒன்று சேர்த்துச் செய்தேன். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து, ஒரு சின்னப் புரோகிராமில் நானே பிழையைப் போட்டு, கண்டுபிடிக்கச் சொன்னேன். பெரும்பாலான ஜோடிகளில் ஒருவர் சட்டென்று கண்டுபிடித்தார். இன்னொருவர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜோடியாக எழுதியதில் அவருக்கு எதுவுமே ஏறவில்லை. சிலர், தனியாகப் படித்த பிள்ளைகளைவிடவும் பின்தங்கியிருந்தார்கள்.

இதுதான் என் கட்டுரை. ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அனுப்பும்போது உனக்கு விருது வரப்போகிறது என்று எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. மார்ச் முடிவதற்குள் சொன்னால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், அடுத்த வருஷம் அனுப்பலாம். நீ விருது வாங்குகிற மேடையிலேயே உன் முறையில் ஓட்டை இருக்கிறது என்று நான் எப்படிப் பேசுவேன்? நீ ஒரு வார்த்தை சொல், நிறுத்திவிடுகிறேன்.

உன்
வாயாடி


மார்ச் 1

மகளுக்கு,

படித்தேன். மூன்று கல்லூரி என்பது ஒரு கணக்கா? மணியைச் சரியாக அடித்தார்களா என்று யார் பார்த்தது? நடத்தியவர்களுக்கு இந்த முறையில் பயிற்சி உண்டா? தனியாக உட்காரவைத்துச் சோதிக்க வேண்டும் என்று உனக்கு எங்கிருந்து தோன்றியது? இருபது வருஷத்தில் வேறு யாருக்கும் தோன்றவில்லையே.

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குச் சளி.

நிறுத்துவதும் நிறுத்தாததும் உன் இஷ்டம். நீ பெரிய ஆராய்ச்சியாளர், என்னை எதற்குக் கேட்கிறாய்?

அம்மா


மார்ச் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பாவைக் கஷாயம் குடிக்கச் சொல். கடையில் வார்னிஷ் வாடையில் உட்கார்ந்துகொண்டு ஜன்னலைச் சாத்திக்கொள்வார், எனக்குத் தெரியும்.

நீ என்னை "வாயாடி" என்று கூப்பிடாத கடிதம் இதுதான் முதல். பரவாயில்லை. கேட்ட கேள்வியெல்லாம் நியாயமான கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். இத்துடன் மூன்று வகுப்புகளின் வீடியோவையும் அனுப்பியிருக்கிறேன். முகம் தெரியாது, கைகள் மட்டும் தெரியும். மணி அடிக்கிற இடங்களை மட்டும் பார், போதும்.

ஒரு கேள்விக்கு மட்டும் இங்கேயே பதில் சொல்கிறேன். தனியாகச் சோதிக்க வேண்டும் என்று எங்கிருந்து தோன்றியது என்று கேட்டாய். உன் வகுப்பில் இருந்து தோன்றியது அம்மா. இரண்டாம் வரிசை, ஜன்னல் ஓரம். என் ஜோடி யார் என்று ஞாபகம் இருக்கிறதா? நாங்கள் "மின்னல்" என்று கூப்பிடுவோமே, அவள். தங்கமான பெண். நான் ஒரு வரி யோசிப்பதற்குள் அவள் பத்து வரி அடித்துவிடுவாள். மணி அடிக்கும், நாற்காலி மாறுவோம், நான் கீபோர்டில் கை வைப்பேன். "இருடி, நான் டக்குனு முடிச்சிடறேன், நேரமாகுது" என்று பக்கத்திலிருந்து அவள் கை வந்துவிடும். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. வருஷக் கடைசியில் எங்கள் ஜோடிக்குத் தொண்ணூறு.

எனக்கு அன்றைக்கு ஒரு மண்ணும் தெரியாது அம்மா. அந்த விடுமுறை முழுக்க அறையில் தனியாக உட்கார்ந்து முதல் பாடத்திலிருந்து நானாகப் படித்தேன். நாள் முழுக்க படம் பார்க்கிறேன் என்று நீ திட்டினாயே, அப்போது. உன்னிடம் சொல்லியிருப்பேன். ஆனால் அதற்குள் அப்பா தேக்குச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார், நீ கூடத்தில் நின்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாய். அந்தச் சந்தோஷத்தில் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

உன் மீது கோபமில்லை. உன்னைப் பார்த்துத்தான் இந்தத் துறைக்கே வந்தேன். மார்ச் கடைசிவரை காத்திருக்கிறேன்.

உன்
வாயாடி


மார்ச் 25

அடி வாயாடி,

கட்டுரையைத் திரும்ப வாங்கினாய் என்றால் தோலை உரித்துவிடுவேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு படி.

கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். நாலு நாள் உன் அப்பாவிடம்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்தான் கடைசியில், "பொண்ணு அனுப்பின படத்த ஒருதரம் பாத்துட்டு அப்புறமா கோபப்படு, அதுவரைக்கும் கோபத்த எடுத்து வை, கெட்டா போயிடும்?" என்று சொல்லி, கம்ப்யூட்டரைத் திறந்து கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனார்.

பார்த்தேன். நீ சொன்ன மாதிரி மணி அடிக்கிற இடத்தை மட்டும் பார்த்தேன். மணி அடிக்கிறது, நாற்காலி மாறுகிறார்கள். கீபோர்டு முன்னால் இப்போது வளையல் போட்ட கை. பக்கத்திலிருந்து இன்னொரு கை வருகிறது. வளையல் கை விலகி மடிக்குப் போய்விடுகிறது. அடுத்த மணி வரை மடியிலேயே இருக்கிறது. அடுத்த ஜோடியிலும் அதே. மறுநாள் என் வகுப்புக்குப் போனேன். இருபது வருஷமாகத் திரையைப் பார்த்துக்கொண்டு நடந்த அதே வரிசைகளுக்கு நடுவில், அன்றைக்கு மடிகளைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். எத்தனை கைகள் மடியில்! அந்த வாரமே ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து, நானே பிழை போட்டுக் கொடுத்தேன். நீ எழுதியிருப்பது சரி. கூட்டிக் கழித்துப் பார்த்தும் சரிதான். ஜோடிக்கு மார்க் போட்டேன், ஆளுக்குப் போடவில்லை. என் கணக்கில் பொய் இல்லை, ஆனால் பாதியைத்தான் எண்ணியிருக்கிறேன்.

உன் தொண்ணூறைப் படித்தபோது மனசு கனத்துப்போயிற்று. நான் அந்த ஜன்னலுக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றிருப்பேன், கையில் மணியோடு. என் பிள்ளையின் கை மடியில் இருந்தது எனக்குத் தெரியவில்லை. அந்த விடுமுறை முழுக்க கதவைச் சாத்திக்கொண்டு நீயாகப் படித்தாயே, அதற்கு மார்க் ஷீட் யார் தருவது? அதைத்தான் நான் கூடத்தில் மாட்டியிருக்க வேண்டும். நானோ படம் பார்க்கிறாய் என்று திட்டிக்கொண்டிருந்தேன்!

மாநாட்டுக்காரர்கள் போன் செய்தார்கள். நாம் அம்மாவும் மகளும் என்று யாரோ ஊதிவிட்டார்கள், நீ போட்ட சத்தம் அங்கேவரை கேட்டிருக்கும். "மேடம், உங்களுக்குச் சங்கடமா இருக்கும், அந்தக் கட்டுரைய வேற நாளுக்கு மாத்திடவா?" என்று குழைந்தார்கள். "மாத்துங்க. என் விருதுக்கு முந்தின நிகழ்ச்சியா மாத்துங்க. அதே அரங்கம், அதே கூட்டம்" என்றேன்.

நன்றாகத் தயார் செய்துகொண்டு வா. அங்கே நீ என் மகள் என்று சலுகை காட்ட மாட்டேன். முதல் கேள்வி என்னுடையது.

அம்மா

அப்பா எழுதுவது: கஷாயம் குடித்தேன். வீட்டில் மழை நின்று வெயில் அடிக்கிறது. கட்டுரையின் அளவு என்ன?


ஜூன் 21

அன்புள்ள அம்மாவுக்கு,

உன்னை ரயிலேற்றிவிட்டு நேராக இங்கே வந்து எழுதுகிறேன். மூன்று நாள் ஒரே அறையில் இருந்தும் இதை உன்னிடம் சொல்ல முடியவில்லை. வாயைத் திறந்தால், "தூங்குடி, காலையில பேசலாம்" என்று விளக்கை அணைத்துவிட்டாய். பிறகு நீ குறட்டை விட்டாய். விருது பெற்ற குறட்டை.

நான் பேசி முடித்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லாரும் முன்வரிசையில் உன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ எழுந்தாய். மைக்கை வாங்கி இரண்டு தட்டு தட்டினாய், வகுப்பில் தட்டுவது போலவே.

"ஆய்வாளருக்கு ஒரு கேள்வி. இந்த முறைய நிறுத்தணும்னு சொல்றீங்களா? இல்ல, அத கண்டுபிடிச்சவங்க இருபது வருஷமா சரியா அளக்கலன்னு சொல்றீங்களா?"

"முறை நல்ல முறை. டைப் பண்றவங்க, பக்கத்துல இருக்கறவங்க சொல்றத மட்டும்தான் அடிக்கணும்னு ஒரு விதி சேர்த்தா, யார் கையும் மடிக்குப் போகாது. ஆனா இதுவரைக்கும் ஜோடியத்தான் அளந்திருக்காங்க, ஆள அளக்கல" என்றேன்.

"அப்போ நான் செஞ்சது தப்பு."

"பாதி" என்றேன். அரங்கமே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து ஒரு கட்டு தாளை எடுத்தாய்.

"மீதியையும் சேத்துக்கோங்க. என் வகுப்புல நானே திரும்ப சோதிச்சேன். இவங்க சொன்ன முடிவுதான் வந்துச்சு. இது நாலாவது கல்லூரி" என்று சொல்லி, மேடைவரை நடந்து வந்து என் கையில் கொடுத்தாய்.

அம்மா, அந்தத் தாளை வாங்கும்போது எனக்குக் கண் தெரியவில்லை. அப்புறம் உனக்கு விருது கொடுத்தபோது எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்களே, அது பழைய இருபது வருஷத்துக்கு மட்டும் விழுந்த கைதட்டல் இல்லை. இதையும் பார்த்துவிட்டுத் தட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர், "உங்க அம்மாவா?" என்று கேட்டார். "ஆமா, எங்க அம்மாதான்" என்றேன். இந்தத் தடவை சத்தம் போடவில்லை.

உன்
வாயாடி


ஜூலை 4

என் வாயாடிச் செல்லத்துக்கு,

நான் குறட்டை விடுவதில்லை. உன் அப்பாவைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார், அவர் சாட்சி செல்லாது.

உன் விதியை வகுப்பில் போட்டுவிட்டேன். சொன்னதை மட்டும்தான் அடிக்கலாம். முதல் வாரம் சந்தைக்கடைச் சத்தம். கைவேகம் உள்ளதுகள், "மேடம், இவ சொல்றதுக்குள்ள நானே முடிச்சிடுவேன்" என்று முனகுகின்றன. "முடிக்கறதுக்கா வந்தீங்க, படிக்கறதுக்கு வந்தீங்க" என்று மணியை அடித்துவிடுகிறேன். வருஷமெல்லாம் வாயே திறக்காத பெண் ஒருத்தி நேற்று, "இல்ல, அது தப்பு, அழி" என்று பக்கத்தில் இருந்தவனை அதட்டினாள். அப்படியே போய்க் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அடக்கிக்கொண்டேன், வாத்தியார் அல்லவா.

அப்பா உன் மார்க் ஷீட்டைக் கழற்றிவிட்டார். அதே தேக்குச் சட்டத்தில் உன் கட்டுரையின் முதல் பக்கத்தைப் போட்டு, அதே ஆணியில் மாட்டிவிட்டோம். விருதுச் சான்றிதழ் உள் அறையில் இருக்கிறது, ஒன்றும் குறைந்துபோகாது. நேற்று மேல்மாடி அம்மா வந்து நின்று படித்துப் பார்த்தாள். அரையும் குறையுமாகப் புரிந்திருக்கும் போல.

"ஏங்க, இதுல நீங்க செஞ்சது சரியில்லன்னுல்ல எழுதியிருக்கு? இதையா மாட்டி வச்சிருக்கீங்க?"

"ஆமா. என் பொண்ணு எழுதினது. இருபது வருஷமா யாருக்கும் தெரியாதத அவ தானா கண்டுபிடிச்சா. உட்காருங்க, விவரமா சொல்றேன்" என்றேன். பாவம், ஒரு மணி நேரம் எழுந்து போக முடியவில்லை.

பழைய கர்வம் எல்லாம் ஒன்றுமில்லை என்கிற கர்வத்தோடு,
அம்மா

பி.கு.: அந்த முதல் பக்கத்தில், ஆறாவது வரியில் ஒரு எழுத்துப்பிழை இருக்கிறது. சட்டத்துக்குக் கண்ணாடி போட்ட பிறகுதான் கண்ணில் பட்டது. கழற்ற மாட்டேன் என்கிறார் அப்பா. இருக்கட்டும் விடு, என் பங்குக்கு நானும் ஒன்று கண்டுபிடித்தேன்.