ரிங் கட்டுக்குத் திருப்பி எடுத்த போன்

ஜூன் 3, திங்கள்
ஹட்டனில் விடாத மழை. இன்டர்நெட் போன் வேலை ஆரம்பம். எங்கள் பெண்கள் நிலையத்துக்கு ஹட்டன், நுவரெலியா, பொகவந்தலாவை என மூன்று கிளை. இனி மூன்றுக்கும் ஒரே நம்பர். எங்கே ஆள் இருக்கிறதோ அங்கே மணி அடிக்கும். அடி வாங்குகிறவளுக்கு மூன்று நம்பர் மனப்பாடம் செய்ய நேரமில்லை.

வாங்க: வயர், ஆணி, ரவுட்டருக்கு பேட்டரி. கடை நானா: "மழைக்கு கரண்ட் நிக்குமா தங்கச்சி? பெரிசா எடுங்க." எடுத்தேன்.

ஜூன் 4, செவ்.
பொகவந்தலாவை. பஸ்ஸில் வாந்தி. கிளையைப் பார்க்கும் ராணியக்காவுக்குப் புதுப் போன் பிடிக்கவில்லை. "இத்தன பட்டன் என்னத்துக்குங்க?"

யாரும் எடுக்காத அழைப்பு வந்தால், அந்த நம்பருக்கு சிஸ்டமே திருப்பி எடுத்துக் கூப்பிடும்படி வைத்தேன். தோட்டத்துப் பெண்களிடம் போனுக்கு ரீலோட் போடக் காசிருக்காது. நல்ல யோசனை என்று எனக்கே பெருமை. அக்கா ஏதோ சொல்ல வந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஓடி வந்தேன்.

ஜூன் 6, வியா.
மேரி ஆஸ்பத்திரியில். பொக. கிளைக்கு வந்துபோகும், தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண். தாடை முறிவு. காது கிழிந்திருக்கிறது. வயிற்றில் உதை.

ராணியக்கா போனில் கத்தினார்: "ஒரு ரிங் கட்டுன்னா நல்லா இருக்கேன், திருப்பி எடுக்காதீங்கன்னு அர்த்தம்ங்க! தெனம் சாயந்தரம் ஒரு ரிங் அடிக்கவிட்டு கட் பண்ணிட்டு, புருஷன் பாக்காம நம்பர அழிச்சிருவா. பேசணும்னாதான் ரெண்டு குடுப்பா. இத மெஷினுக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. மேரி ரிங் கட் கொடுத்தாள், அழித்தாள். என் சிஸ்டம் திருப்பி எடுத்தது. அதற்குள் போன் அவள் புருஷன் அந்தோணி கையில். "பெண்கள் நிலையம், வணக்கம்" என்றது பதிவுக்குரல்.

அந்த வசதியை நிறுத்தினேன். யாரையாவது அடிக்க வேண்டும் போல் இருந்தது. முதலில் என்னை.

ஜூன் 7, வெள்.
பொக. கிளை. போனைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பொலிஸ் தேடிக்கொண்டிருந்த அந்தோணி கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தான். கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, வாயெல்லாம் சாராய நாற்றம். "எவடி என் பொண்டாட்டிக்கு போன் போட்டவ?"

ராணியக்காவைப் பார்த்து வெட்டினான். அவர் விலக, மேசை விளிம்பு சிதறியது. நான் புதுப் போனை வயரோடு பிடுங்கி அவன் மண்டையில் அடித்தேன். விழுந்தான். விழுந்த பிறகும் அடித்தேன். முகத்தில். அக்கா என் இடுப்பைக் கட்டி இழுத்தார். "போதும்ங்க, செத்துருவான்!"

சாகட்டும் என்று கத்தினேன். இதை எழுதும்போதும் அதே எண்ணம்தான்.

பொலிஸ் வந்து அவனைத் தூக்கிப்போனது. போன் இன்னும் வேலை செய்கிறது. பட்டன் இடுக்குகளில் ரத்தம், ஊசியால் சுரண்ட வேண்டும்.

ஜூன் 9, ஞாயிறு
மழை விட்டது. ஆஸ்பத்திரி. மேரிக்குக் கஞ்சி, ஸ்ட்ரோ, துவாய். மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினாள், என்ன அர்த்தமோ. கீழ் வார்டில் அந்தோணி, தலை முழுக்கத் தையல், பக்கத்தில் பொலிஸ்காரர். பிணை எடுக்க அவன் அண்ணன் அலைகிறானாம்.

நான் அடித்ததை அவளிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன் போல.

தாடை அசையாமல் கேட்டாள்: "பலமாவா அடிச்சீங்க, மிஸ்?"

"பலமாத்தான்."

கண்ணை மூடிக்கொண்டாள். "அதுக்கும் சேத்து எனக்குத்தாங்க அடி விழும்."