கூரை ஏறாத தண்ணீர்

மார்ச் 3
நீச்சல் குளத்துத் தண்ணீர் இருபத்தைந்து டிகிரி. முட்டிவலிக்காரிகள் பதினொரு பேரை இதில் இறக்கிப் பயிற்சி கொடுத்தால் என்மேல் கொலைக் கேஸ்தான் வரும். குறைந்தது இருபத்தெட்டு வேண்டும். மொட்டை மாடி முழுக்கக் கறுப்புத் தகடு போட்டு, அதற்குள் தண்ணீரை ஓடவிட்டு வெயிலில் குளத்தைச் சூடாக்குகிறார்களாம். புது பம்ப் வேறு, வேகத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். அதை மேய்க்கிற ஆபரேட்டருக்கு நான் வைத்த பேர் மீசை. என்னைக் கண்டாலே அவனுக்கு முகம் கோணும். எனக்கு மட்டும் இனிக்கிறதாக்கும்?

மார்ச் 5
பம்ப் ரூமுக்குப் போனேன். தண்ணீர் விழுந்தடித்துக்கொண்டு மாடிக்கு ஓடுகிறது. இந்த ஓட்டத்தில் எப்படிச் சூடேறும்? மெதுவாக விட்டால்தானே வெயிலில் நின்று காயும்! சொன்னேன். "அப்படியில்ல டீச்சர். மேகமா இருக்கு, நாலு நாள் பொறுங்க" என்றான். பதினெட்டு வருஷமாகத் தண்ணீரில் நின்று பிழைக்கிறவளிடம்! திமிர்.

மார்ச் 6
மேனேஜரிடம் எழுதிக் கொடுத்து, வேகத்தைப் பாதியாக்க உத்தரவு வாங்கிவிட்டேன். மீசை முகத்தில் ஈயாடவில்லை. நல்லா வேணும்.

மார்ச் 9
நானே மாடி ஏறித் தகட்டைத் தொட்டுப் பார்த்தேன். கை வைக்க முடியவில்லை, அப்படிக் கொதிக்கிறது! வீட்டில் இவரிடம் பெருமையடித்தேன். "சண்டை போட வெளியில ஆள் கிடைச்சாச்சு, நான் பிழைச்சேன்" என்கிறார்.

மார்ச் 12
இருபத்து நான்கு. எப்படி? தகடு கொதிக்கிறது, குளம் நடுங்குகிறது. பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழி வேறு. மீசைதான் எதையோ மூடிவைக்கிறான், சத்தியமாக அவன்தான். மூன்று பேர் நின்றுவிட்டார்கள். எட்டுப் பேருக்குக் கீழே போனால் வகுப்பே கிடையாது என்று மேனேஜர் முன்பே சொல்லியிருக்கிறார்.

மார்ச் 14
வகுப்புக்கு என் சொந்த அக்காவே வரவில்லை. "கோச்சுக்காதடி. உள்ள இறங்கினாலே முட்டி பூட்டிக்குது" என்றாள்.
ஆறே பேர். மேனேஜர் வகுப்பை நிறுத்திவிட்டார்.

மார்ச் 16
எல்லார் முன்னாலும் கத்தினேன். "யோவ், வேணும்னேதானே பண்றே?" அவன் பதிலுக்குக் கத்தவில்லை. மாடிக்குக் கூட்டிப்போனான்.
"தகடு சுடுதுன்னா சூடு இங்கயே தங்கிடுச்சுன்னு அர்த்தம். தண்ணி வேகமா வந்தாத்தான் அள்ளிக்கிட்டுப் போகும். இந்த வேகத்துல பாதித் தகடுகூட நிறையல. மேல காத்தை இழுக்குது, அதான் குமிழி."
"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"
"நான் வாயைத் திறந்தப்ப நீங்க கேட்டீங்களா? ஆர்டரோட வந்தீங்க. ஆர்டர்னா ஆர்டர்."
பத்து நாள்! தெரிந்தே வேடிக்கை பார்த்திருக்கிறான், பாவி. நான் முட்டாள். இரண்டும் உண்மை. எதற்கு அதிகமாக எரிகிறது என்று தெரியவில்லை.

மார்ச் 17
மேனேஜரிடம் என் தப்புதான் என்று சொன்னேன். வேகத்தைக் கூட்டிவிட்டார்கள். மீசையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசவும் மாட்டேன்.

மார்ச் 22
இருபத்தெட்டரை. தகட்டைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. அக்காவுக்குப் போன் போட்டு, எல்லாரையும் கூட்டிக்கொண்டு வா என்றேன்.
"வேற குளத்துல சேர்ந்துட்டோம்டி. நம்ம செட்டு மொத்தமும் அங்கதான்."
யார் சொல்லித் தருகிறார்கள் என்று கேட்கவில்லை. தண்ணீர் எப்படி என்று மட்டும் கேட்டேன்.
"இதமா இருக்கு."
சந்தோஷம் என்று சொல்லி வைத்துவிட்டேன். சந்தோஷமெல்லாம் ஒன்றுமில்லை.