ஆட்ட நாளில் வைத்த பள்ளிக் கூட்டம்

கால்டர் ஸ்பிரிங்ஸ், டெக்சஸ்
அக்டோபர் 19

அன்பு மகள் ரோண்டாவுக்கு,

நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அலாஸ்கா குளிர் உன்னையும் அப்படியே விட்டுவைத்திருக்கும் என்று நம்புகிறேன். நலமில்லாமல் இருப்பது நம் ஊர்த் தொடக்கப்பள்ளிதான். அதற்கு நடந்த அநியாயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளியை எப்படித் திருத்துவது என்று பெற்றோரைக் கேட்டே ஆகவேண்டிய கூட்டத்தை, ஊரில் யாருமே இல்லாத நேரம் பார்த்து வைத்து, எவருக்கும் ஆட்சேபம் இல்லை என்று முடித்துவிட்டார்கள்.

பிள்ளைகள் ஓராண்டில் இவ்வளவு முன்னேற வேண்டும் என்று மாநிலம் ஓர் அளவு வைத்திருக்கிறது, நம் பள்ளி நான்காவது ஆண்டாக அதை எட்டவில்லை. அடுத்த ஆண்டும் தவறினால் இழுத்து மூடிவிடலாம், அப்புறம் உன் தம்பி மகள் ஜோலின் விடியுமுன் பஸ் ஏறி வேறு ஊருக்குத்தான் போகவேண்டும். இப்படித் தவறும் பள்ளி ஒரு திருத்தத் திட்டம் எழுதி, ஊர்க்கூட்டத்தில் வைத்து, பெற்றோர் சொல்வதையும் சேர்த்து அனுப்பவேண்டும் என்பது விதி. புதிதாக வந்திருக்கும் கல்வி அதிகாரி ஹாஸ்கெல் அந்தக் கூட்டத்தை வெள்ளிக்கிழமை மாலை போட்டார். அன்று நம் உயர்நிலைப்பள்ளிப் பையன்களுக்கு வெளியூரில் ஃபுட்பால் ஆட்டம். இந்த ஊரில் சீசன் முடியும்வரை வெள்ளிக்கிழமையில் கல்யாணம்கூட வைக்கமாட்டார்கள், உனக்குத் தெரியாததா. முழங்கால் வலியால் ஆட்டத்துக்குப் போகாத நான் மட்டும் கூட்டத்துக்குப் போனேன். நூலகத்தில் அவர், தலைமையாசிரியை, நான், மற்றதெல்லாம் காலி நாற்காலி. திட்டத்தில் என்ன இருந்தது தெரியுமா, சுவருக்குப் புது வண்ணம், தவறாமல் வரும் பிள்ளைகளுக்குப் பீட்சா, வாராவாரம் மாதிரித் தேர்வு. மூன்றாம் வகுப்புக்கு ஆகஸ்டிலிருந்து நிரந்தர ஆசிரியர் இல்லை என்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. கையைத் தூக்கினேன். “ஐயா, இப்போ இங்க படிக்கிற பிள்ளைக்கு நீங்க பெற்றோர் இல்லையே” என்றார். இந்தப் பள்ளிக்கு நாற்பது வருடமாக வரி கட்டுகிறவன் என்றேன். “சரிங்க, குறிச்சுக்கிறேன்” என்றார், பேனாவோ சட்டைப் பையைவிட்டு வெளியே வரவில்லை.

ஜோலின் அந்த மூன்றாம் வகுப்பில்தான் இருக்கிறாள். வாரத்துக்கு ஒரு புது ஆள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார். போன ஞாயிறு எனக்குத் தவளைக் கதை படித்துக் காட்டினாள், கணீரென்றுதான் படித்தாள், ஆனால் பக்கத்தைத் திருப்ப மறந்துவிட்டாள், கதை மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. முழுக்க மனப்பாடம். வேறு புத்தகம் கொடுத்தேன், “தாத்தா, கண்ணு வலிக்குது” என்று நாயைத் தேடிப் போய்விட்டாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், ஒழுங்காகப் படிக்கப் பழகியதே பருத்தி ஆலையில் சாப்பாட்டு நேரத்தில்தான். அந்தக் கண்வலி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

“இந்த வயசுல எதுக்கு மல்லுக்கட்டுறீங்க” என்று உன் அம்மா சொல்லிப் பார்த்தாள். மறுபடி கூட்டம் போடும்வரை ஹாஸ்கெல் அலுவலக வாசலில் தினமும் காலையில் போய் உட்கார்ந்தேன், மாநிலத்துக்கும் எழுதுவேன் என்றேன். போட்டாலும் யார் வருவார்கள் என்று கேட்டார். வருகிற இடத்தில் போடுங்கள் என்று சொல்லிவிட்டு ஃபுட்பால் பயிற்சியாளர் இபாராவைப் பார்க்கப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே, “பெரியவரே, ஆட்டத்துக்கு முன்னாடி மைதானத்துலயே வச்சுக்கோங்க, ஆனா ஆட்டம் தொடங்க அஞ்சு நிமிஷம் தள்ளிப்போனாலும் ஊரு என்னை உயிரோட புதைச்சிடும்” என்றார். ஹாஸ்கெலும் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார், நேற்று அப்படியே நடந்தது. ஊரே படிக்கட்டு வரிசைகளில், கையில் நாச்சோ வறுவலோடு. ஹாஸ்கெல் ஒலிபெருக்கியில் வண்ணத்தையும் பீட்சாவையும் வாசித்தார். அப்போது உன் தம்பி ட்வேன் எழுந்தான், உனக்குத்தான் தெரியுமே, நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன். “பந்து விளையாட ஆறு பயிற்சியாளர் வச்சிருக்கோம். என் பொண்ணு வகுப்புக்கு ஒரு வாத்தியார் இல்ல” என்றான். இந்த ஊரில் யாரும் சொல்லத் துணியாத பேச்சு. மேல் வரிசையிலிருந்து ஒருவன், “உட்காருடா ட்வேன், படிக்கிற காலத்துல நீ நழுவவிட்ட பந்தை நாங்க இன்னும் மறக்கல” என்று கத்தினான். “பந்தை விட்டேன்டா, பொண்ண விடமாட்டேன்” என்றான் இவன். இபாரா தன் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒலிபெருக்கியை வாங்கினார். “என் உதவிப் பயிற்சியாளர் மெரிட்டுக்குச் சின்னப் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கிற சான்றிதழ் இருக்கு. பகல் முழுக்க எடை தூக்குற அறையைக் காவல் காக்குறான். கூட்டிக்கிட்டுப் போங்க, சாயங்காலம் மட்டும் எனக்குத் திருப்பிக் குடுங்க” என்றார். மெரிட் முகம் சிவந்து, சம்மதம் என்று தலையாட்டினான். பாதிப் பேர் கைதட்டினார்கள், எனக்குப் பின்னால் ஒரு பெண்மணி, “போச்சு, இந்த வருஷக் கோப்பை” என்று பெருமூச்சு விட்டாள். ஆட்டத்தில் தோற்றோம், அது வேறு கதை.

இன்னும் எதுவும் முடிந்துவிடவில்லை, ஆனால் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஹாஸ்கெல் இதைத் திட்டத்தில் எழுதி மாநிலத்துக்கு அனுப்பவேண்டும், பேனாவைத் திறந்து. திங்கட்கிழமை கல்விக் குழு வாக்களித்து மெரிட்டை அந்த வகுப்புக்கு அனுப்பவேண்டும், நான் முதல் வரிசையில் இருப்பேன். இபாரா நாலு ஆட்டம் தோற்றாலும் அவனைப் பகலில் திரும்பக் கேட்கக்கூடாது. ட்வேன் இனி ஒவ்வொரு கூட்டத்திலும் வாயைத் திறக்கவேண்டும், எனக்குப் பதிலாக. உன் அம்மா பிள்ளை பாவம் என்று தானே படித்துக் காட்டுவதை நிறுத்தவேண்டும். ஆண்டவன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், மகளே. மறக்காமல் ஞாயிறுதோறும் ஜோலினைப் போனில் கூப்பிட்டு, அவள் இதுவரை பார்த்தேயிராத ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல். தடுமாறினால் சொல்லிக்கொடுத்துவிடாதே. காத்திரு.

உன் அப்பா,
ஆர்வில் டீக்