போடாத லீவு

சுகுணாவுக்கு,

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா? பெங்களூர் வேலையை ராஜினாமா செய்துவிட்டேன்.

மானேஜர், "நீ போடாத லீவெல்லாம் சேர்ந்து கெடக்கு. ராஜினாமா குடுத்தப்புறம் வேலை பாக்குற நோட்டீஸ் மாசத்துக்கும் லீவு சேரும். கணக்கு முடிக்கும்போது காசா வாங்கிக்கிறியா?" என்றார்.

"காசு வேணாம் சார், நாளா குடுங்க" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார். மாதம் முடியும்வரை நான் கம்பெனி ஆள்தான், ஆனால் விடியற்காலை ரயிலுக்கு ஓட வேண்டாம். அப்புறம் நடத்த, நம்ம ஊர் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷன் பக்கத்திலேயே ஒரு கடை பார்த்திருக்கிறேன்.

பெட்டியோடு குடியாத்தத்துக்கு, உன் அம்மா வீட்டுக்குக் கிளம்பியபோது என்ன சொன்னாய்? "ஒரு நாளாச்சும் லீவு போட்டுட்டு வந்து கூப்புடுங்க, வரேன்." வேலையை விட்ட பிறகு வந்தால் அது லீவு ஆகாது என்பாய். உன்னை எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை வருகிறேன். பெட்டியைக் கட்டி வை.

லீவில் இருக்கும்
உன் வீட்டுக்காரன்