மெஷின் ஒன்றும் சொல்லவில்லை

முல்லா வீதி,
புதுச்சேரி.
13.9.1987

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே என் தலை ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் சுகம். மாமிக்கு முழங்கால் வலி பரவாயில்லை. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகளை விழுங்காமல் தலையணைக்கடியில் சேர்த்து வைத்திருந்தார்கள். நான் கண்டுபிடித்து விழுங்க வைத்தேன். அதிலிருந்து என்னோடு பாதிப் பேச்சுதான். உங்கள் தம்பி ஹாஜா துணி எடுக்கக் கடலூர் போயிருக்கிறார். மழை இன்னும் வரவில்லை. போன கடிதத்தில் நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டேன், பார்த்தீர்களா?

இனி என் தலைக்கு வந்த கதை. முதலியார்பேட்டை மருந்து ஏஜென்சியில் நான் பில் அடிக்கிற கம்ப்யூட்டரைப் போன லீவில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தீர்களே, அதைத் தூக்கிவிட்டு வேறொன்று வைத்துவிட்டார்கள். பார்வைக்கு இதுவும் அதே மாதிரிதான், ஒரு திரை, ஒரு கீபோர்டு. ஆனால் உள்ளே குடியிருக்கிற ஆள் வேறு. அந்த ஆளுக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று பெயராம். முன்பு இருந்தது சிபிஎம், இப்போது யூனிக்ஸ். லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்து மெஷினை மாட்டிக் கொடுத்த இன்ஜினியர் இராமதாஸ் சொன்னார். சம்பந்தி வீட்டு விவரம் சொல்வது மாதிரி சொன்னார், எனக்குத்தான் ஒன்றும் ஏறவில்லை.

முதல் நாளே வம்பு. பாஸ்வேர்டு அடி என்றார், அடித்தேன். திரையில் ஒரு எழுத்துகூட வரவில்லை. கீபோர்டு செத்துவிட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்பத் தட்டினேன். அது எழுத்தைக் காட்டாதாம், ரகசியமாம்! சரி, உள்ளே என்ன ஃபைல் இருக்கிறது என்று பழைய வழக்கப்படி பெரிய எழுத்தில் கேட்டேன். கிடைக்கவில்லை என்றது. வேறு மாதிரி கேட்டேன், அதுவும் கிடைக்கவில்லை. சின்ன எழுத்தில் கேட்டால்தான் காதில் விழுமாம். மற்ற நேரமெல்லாம் ஒரு டாலர் குறியைக் காட்டிக்கொண்டு சும்மா இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லாது. பக்கத்து மேஜை தனக்கொடி எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, காசு கேக்குதா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. பழையதில் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்தவள் நான்.

வியாழக்கிழமைதான் பெரிய கூத்து. ஒரு மாதத்துப் பில்லெல்லாம் ஒரே ஃபைலில் சேர்ந்துகொண்டே போகும். தினம் சாயங்காலம் அதைப் பத்திரத்துக்கு நகல் எடுத்து வைப்பேன். பழைய மெஷினில் எங்கே போக வேண்டுமோ அந்தப் பெயரை முதலில் அடிக்க வேண்டும், எங்கிருந்து என்பது பிறகு. கவரில் உங்கள் விலாசத்தை எழுதிவிட்டு என் விலாசத்தைக் கீழே எழுதுகிறேனே, அந்த மாதிரி. கை அந்த வழக்கத்திலேயே ஓடிவிட்டது. புதியதில் எல்லாம் தலைகீழ் என்று எனக்குத் தெரியாது. முந்தின நாள் நகல், அன்று முழுக்க நான் அடித்த பில்லின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. அது உண்டா இல்லையா என்று ஒரு சத்தம் போடவில்லை மச்சான்! பழையது இப்படி ஊமையாக இருக்காது. நான் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

காலையில் பார்த்தால் வியாழக்கிழமையே இல்லை. முதலாளி ராமலிங்கம் பிரெஞ்சுக்காரன் காலத்து மனிதர், அவசரம் வந்தால் "அலே, அலே" என்று எல்லோரையும் விரட்டுவார். அன்றைக்கு அதுகூட வரவில்லை, நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நல்ல வேளை, கார்பன் பில்கள் கோடவுனில் இருந்தன. தனக்கொடி படிக்கப் படிக்க நான் எல்லாவற்றையும் திரும்ப அடித்தேன். இராமதாஸ் வந்து, "அது ஒண்ணும் சொல்லலன்னா, நீங்க சொன்னத செஞ்சிடுச்சின்னு அர்த்தம்க்கா" என்றார். நான் சொன்னதே தப்பாக இருந்தால் என்று கேட்டேன். அப்போதும் செய்துவிட்டுச் சும்மாதான் இருக்கும் என்றார். இது என்ன நியாயம் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

புரியாததில் இன்னொன்று. இவ்வளவு நடந்த பிறகும் முதலாளி முன்பு சொன்னபடியே என்னைத்தான் மெஷினுக்குப் பொறுப்பாகப் போடப்போகிறாராம், வேலை நிரந்தரம். ஒரு தடவை இப்படிப் பயந்தவள் இனிமேல் பார்த்துத்தான் அடிப்பாள் என்கிறார். அதற்கு மெட்ராஸில் ஒரு மாதம் பயிற்சிக்குப் போக வேண்டும். திருவல்லிக்கேணியில் சின்னம்மா வீட்டில் தங்கிக்கொள்வேன். அடுத்த மாதத் தொடக்கத்துக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்.

புது மெஷின் வரப்போகிறது என்று இந்தப் பயிற்சிப் பேச்சு எழுந்ததிலிருந்து உங்களுக்கு எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். போகட்டுமா என்று கேட்டேன், பிறகும் கேட்டேன். உங்கள் கடிதம் வந்தது. அதில் மாமியின் முழங்கால் இருந்தது, தம்பியின் வியாபாரம் இருந்தது, மழை இருந்தது. நான் கேட்டதற்கு மட்டும் ஒரு வரி இல்லை. மாமி கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அவன் ஒண்ணும் எழுதலல்ல? அப்ப வேணாம்னுதான்" என்று முடித்துவிட்டார்கள். மெஷின்படி பார்த்தால் சரி என்று அர்த்தம். நான் எதை எடுத்துக்கொள்வது?

நம் நிக்காஹ் அன்று என் சார்பில் பேச வைத்த வக்கீலும் சாட்சிகளும் உள்ளே வந்து என்னிடம் சம்மதம் கேட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு வாயே திறக்கவில்லை. வெளியே போய், பெண்ணுக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த மௌனத்துக்குள் என்ன இருந்தது என்று நீங்கள் இதுவரை என்னைக் கேட்டதில்லை. அன்றைக்கு எனக்குச் சம்மதம்தான் மச்சான். முழுச் சம்மதம். அதை வாயால் சொல்லியிருக்கலாம் என்று இந்த மெஷினிடம் மாட்டிய பிறகுதான் தோன்றுகிறது. அதனால் இப்போது எழுத்தில் சொல்லிவிட்டேன்.

நீங்களும் ஒரு வரி எழுதுங்கள். போ என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி. வேண்டாம் என்று எழுதினால் சண்டை போடுவேன், அது வேறு. ஒன்றுமே வராவிட்டால் நான் மெட்ராஸுக்குப் போய்விடுவேன். ஆனால் பதில் சொல்லாதவரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு பஸ் ஏற எனக்குப் பிடிக்கவில்லை. ஆபீஸில் நாள் முழுக்க அப்படி ஒன்றோடுதான் உட்கார்ந்திருக்கிறேன், வீட்டிலும் வேண்டாம்.

அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தையும், கையில் ஒரு பேனாவையும் தரட்டும்.

உங்கள்
கனீஸ் பாத்திமா