கொதிகலனுக்குப் பக்கத்தில் ஒரு கார்புரேட்டர்

மார்ச் 9

"டீச்சர், பெட்ரோல் எரியுதா, அதோட வாசனை எரியுதா?" என்று எப்போதோ ஒரு பையன் வகுப்பில் கேட்டான். வாசனைதான் என்றேன். இன்று காலை நிலவறைக் கதவைத் திறந்ததும் அதே வாசனை. கீழே என் கணவர் திஹோமிர் தகரத் தட்டில் பெட்ரோல் ஊற்றி எஞ்சின் பாகங்களைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்திலேயே விறகுக் கொதிகலன் எரிகிறது.

கார் அவர் தம்பி லியூபிஷாவுடையது. பழைய குட்டி ஃபீச்சா. பாதி பிரித்துப் போட்டுவிட்டு அக்டோபரில் போய்ச் சேர்ந்தான். ஏப்ரலில் அரையாண்டு நினைவுநாள். அந்தக் காரில்தான் கல்லறைக்குப் போவேன் என்கிறார் இவர்.

"வெளியே வச்சுக் கழுவுங்களேன்."

"வெளியே பனி. சாச்சக் ஊரே பெட்ரோல்லதான் கழுவுது. ஒருத்தனும் சாகலை, டீச்சரம்மா."

செத்தவன் வந்து சொல்வானா?

மார்ச் 10

தூக்கமில்லை. எங்கள் கட்டில் கொதிகலனுக்கு நேர் மேலே.

மார்ச் 12

முற்றத்தில் மழைத்தண்ணீர் வழியும் நீளமான தகர ஓடை ஒன்றைச் சாய்த்து வைத்தேன். கீழ்முனையில் மெழுகுவத்தி, மேல்முனையில் பெட்ரோல் நனைத்த சின்னத் துணி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தண்ணீர்போல் வழிந்தோடும். சொன்னால் நம்பமாட்டார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. "உன் மந்திரம் பலிக்கலையே" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, மெழுகுவத்தியிலிருந்து நீலச்சுடர் தகரத்தில் மேலேறி ஓடித் துணியைப் பற்றியது.

தொப்பியைக் கழற்றிக்கொண்டார். "சரி. பெட்ரோல் வேண்டாம்."

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு ராடே: "பரீட்சை எப்போ, திஹோமிர்?"

மார்ச் 15



நான் சந்தைக்குப் போயிருந்தேன். நவம்பரில் பன்றிக் கொழுப்பில் சோப்புக் காய்ச்சி மிஞ்சிய காஸ்டிக் சோடாவை வாளித் தண்ணீரில் கரைத்து, கார்புரேட்டரை முக்கியிருக்கிறார். கொழுப்பைத் தின்பது கிரீஸைத் தின்னாதா என்பது அவர் கணக்கு. இரும்பென்றால் சரிதான். இதுவோ அலுமினியக் கலவை. நான் இறங்கும்போது வாளி நுரைத்துக் கொதிக்கிறது. பொங்குவது ஹைட்ரஜன். அந்தப் பக்கம் தீ!

"விடு! தொடாதே! ஜன்னலைத் திற, மேல போ!" நாற்பது வருடத்தில் அவரை இப்படி அதட்டியதில்லை. ரப்பர் கையுறை மாட்டி வாளியை நானே முற்றத்துக்குத் தூக்கிப்போனேன்.

அலசி எடுத்தால் கார்புரேட்டர் கறுத்து, சொத்தைப் பல்போல் குழி விழுந்திருக்கிறது.

"அவன் விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான். அதையும் கெடுத்துட்டேன்" என்றார்.

மார்ச் 16

பேசவில்லை. பீன்ஸ் சூப்பைத் தொடவுமில்லை.

மார்ச் 18

எது கூடாது என்று செய்து காட்டினேன். எது ஆகும், எந்த உலோகத்துக்கு ஆகும் — அதைச் சொன்னேனா? பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருந்திருக்கிறேன்.

மார்ச் 21

ராடேயின் தோட்டத்தில் துருப்பிடித்த ஃபீச்சா ஒன்று கிடக்கிறது. கோழிகள் அதன் இருக்கையில்தான் முட்டையிடும். அதன் கார்புரேட்டரை ராடேயே கழற்றி எடுத்து வந்துவிட்டார். "கோழிங்ககிட்ட கேட்டுட்டேன், வேண்டாமாம்." மேலே கிரீஸும் எச்சமும் விரல் கனத்துக்கு.

திஹோமிர் அதை என் முன்னால் வைத்தார். "இதுக்கு எது?"

ஐந்து நாளில் அவர் பேசிய முதல் வார்த்தை.

வெளியே போனோம். சுடுதண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல் பிரஷ். முதலில் கெட்டுப்போனதன் மேல் தேய்த்துப் பார்த்தோம். புதிதாகக் குழி விழவில்லை, கறுக்கவில்லை. பிறகுதான் இதைத் தொட்டோம்.

"பெட்ரோல்னா இந்நேரம் முடிஞ்சிருக்கும்" என்று சாயங்காலம் வரை முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும். கேட்க நன்றாக இருந்தது.

ஏப்ரல் 18

மடியில் நினைவுநாள் படையலுக்கு வேகவைத்த கோதுமைக் கிண்ணம். கார் மேட்டில் இரண்டு தரம் நின்றுவிட்டு, மூன்றாம் தரம் ஏறிவிட்டது.

கல்லறை முன்னால் திஹோமிர் தொப்பியைக் கழற்றினார். "லியூபிஷா, உன் கார்ல கோழி வாசனை அடிக்குதுடா. ஆனா வந்துடுச்சு."

வீடு திரும்பியதும், கெட்டுப்போன கார்புரேட்டரை முற்றத்துக் கொட்டகைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். என் கையில் சாக்பீஸைக் கொடுத்தார். அதன் கீழே எழுதினேன்:

எதில் முக்குவதானாலும், முதலில் இதன் மேல் ஒரு துளி விட்டுப் பார்.