மேலேறும் வார்

என்னங்க,

பாப்பாவை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்த மறுநாளே நீங்கள் உங்கள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டீர்கள். எட்டு மாதம் ஆகிறது. கார் பட்டறையிலிருந்து வந்துவிட்டது. சாவி என்னிடம்தான் இருக்கிறது.

காரின் பின்னிருக்கையில் மாட்டியிருந்த அவளுடைய குழந்தை சீட்டை நான் கழற்றவில்லை. யாரும் தொடாமலே அதன் தோள் வார் இரண்டு மாதத்துக்கு ஒரு துளை மேலே ஏறுகிறது. சிரிக்காதீர்கள். அளந்து பார்த்துவிட்டேன், வளர்கிற பிள்ளைக்கு ஏற்றிவிடும் அதே அளவுதான்.

போன வாரம் கடைசித் துளைக்கு வந்துவிட்டது. பெரிய சீட் வாங்கப் போனேன். "பாப்பாவக் கூட்டிட்டு வாங்கம்மா, உக்கார வெச்சுப் பாத்துடலாம்" என்றார் கடைக்காரர். வீட்டில் தூங்குகிறாள் என்றேன்.

"முடிஞ்ச வரைக்கும் பின்பக்கம் பாத்தே உக்காரட்டும், வண்டி மோதினா பிள்ளை கழுத்துக்கு அதுதான் பாதுகாப்பு. அழுறாளேன்னு முன்னால திருப்பிடாதீங்க."

கண்ணாடியில் அப்பா முகம் தெரியவேண்டும் என்று அன்று அவள் அழுததையும், நீங்கள் திருப்பி வைத்ததையும் அவரிடம் எதற்குச் சொல்வது?

புது சீட்டைப் பின்பக்கம் பார்த்தே மாட்டினேன். காரைப் பூட்டினேன். இன்று காலை பார்த்தால் அது முன்பக்கம் திரும்பியிருக்கிறது.

என் பேச்சை அவள் எப்போது கேட்டாள்? நீங்களே வந்து திருப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா